போடிமெட்டுக்கு யவனர்கள் வந்தார்களா? ஏலமலையும் கிரேக்கமும்... கேள்வியும் பதிலும்!

ஏலக்காயின் அறிவியல் பெயர் 'எலெட்டாரியா கார்டமோமம்'. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏற்றுமதி செய்கிறவர்கள் இந்தப் பெயரைக் காகிதங்களில் பார்த்திருப்பார்கள். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் இந்தப் பெயரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது.

முதல் பாதி மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தச் சொல். 17-ம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றி 'ஹோர்டுஸ் மலபாரிகஸ்' என்று 12 தொகுதிகள் வெளியிட்டார். அதில் ஏலச்செடிக்கு, உள்ளூர்க்காரர்கள் சொன்னபடியே 'ஏலத்தரி' என்று பெயர். அதுதான் 'எலெட்டாரியா' ஆனது. இரண்டாம் பாதி சுத்தமான கிரேக்கம். 'கார்டமோமொன்' என்பது 2,300 வருடங்களுக்கு முன்பே கிரேக்க நூல்களில் இருக்கும் சொல்.

ஆக, போடி மலையில் விளையும் காயின் பேரிலேயே மலையாளமும் கிரேக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு, "கிரேக்கர்கள் ஏலக்காய் வாங்க போடிக்கு வந்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றினால் நம்புவதா, வேண்டாமா? பழங்கால கிரேக்கத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளும், டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிப்பவர்களும், சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, இந்த வாரம் ஏலமலைக் கேள்விகளும் சேர்கின்றன.

யவனர்கள் என்றால் கிரேக்கர்களா, ரோமானியர்களா?

இரண்டு பேரும்தான். ஆனால், சொல் பிறந்தது கிரேக்கர்களால். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் 'அயோனியா' என்ற கிரேக்கப் பகுதி இருந்தது. பக்கத்திலிருந்த பாரசீகர்கள் அந்த ஊர்க்காரர்களை 'யௌனா' என்று கூப்பிட்டார்கள். அது வடமொழியில் 'யவன' ஆகி, தமிழில் 'யவனர்' ஆனது.

பழங்கால கிரேக்கம் ஒரே நாடு அல்ல என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, கொரிந்த், தீப்ஸ் என்று நூற்றுக்கணக்கான நகர அரசுகள். ஒரே மொழி, ஒரே சாமிகள், ஆனால் ஓயாத பங்காளிச் சண்டை. கி.மு. 4-ம் நூற்றாண்டில் மாசிடோனியாவின் இரண்டாம் ஃபிலிப்பும் அவர் மகன் அலெக்ஸாண்டரும் பெரும்பாலானவர்களை ஒரு குடையின்கீழ் கொண்டுவந்தார்கள்.

அலெக்ஸாண்டர் எகிப்தில் தன் பெயரில் ஒரு நகரம் கட்டினார். அலெக்ஸாண்ட்ரியா. கி.மு. 30-ல் எகிப்து ரோமானியர்கள் கைக்குப் போனது. ஆட்சி ரோமுக்கு, ஆனால் அலெக்ஸாண்ட்ரியா கடைத்தெருவில் பேச்சும் கணக்கும் கிரேக்கத்தில்தான். நம் கடற்கரைக்கு மிளகு வாங்க வந்த கப்பல்கள் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து கிளம்பியவை. முதலாளி ரோமக் குடிமகனாக இருக்கலாம், மாலுமி எகிப்தியனாக இருக்கலாம், கணக்குப்பிள்ளை கிரேக்கம் எழுதினான். சங்கப் புலவர்களுக்கு எல்லாருமே யவனர்!

அலெக்ஸாண்டர் தமிழ்நாட்டுக்கு வந்தாரா?

இல்லை. கி.மு. 326-ல் பஞ்சாபில் போரஸை ஜெயித்தார். பியாஸ் நதிக்கரை வரை வந்ததும், "இதற்கு மேல் நடக்க முடியாது" என்று சொந்தப் படையே மறுத்துவிட்டது. திரும்பிப் போய்விட்டார்.

ஆனால், அவருக்குப் பின்னால் வந்த ஒரு கிரேக்கர் மதுரைப் பக்கத்துச் செய்தியைக் கேட்டு எழுதி வைத்தார். அவர் மெகஸ்தனிஸ். செலூக்கஸ் என்ற கிரேக்க அரசரின் தூதராக சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்தவர். அவர் எழுதிய 'இண்டிகா' முழுதாகக் கிடைக்கவில்லை; பின்னால் வந்தவர்கள் எடுத்துச் சொன்ன பகுதிகள்தான் மிச்சம். அதில் 'பாண்டையா' என்ற ராணியின் கதை வருகிறது. ஹெராக்ளிஸ் என்ற வீரனின் மகளாம். தெற்குக் கடல் வரை உள்ள நாட்டை அப்பா அவளுக்குக் கொடுத்தாராம். அந்த நாட்டில் 365 கிராமங்கள். தினமும் ஒரு கிராமம் அரண்மனைக்கு வரி கொண்டுவந்து கட்ட வேண்டும்.

மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்தில் கேள்விப்பட்டதை எழுதியிருக்கிறார். மதுரைக்கு நேரில் வந்து பார்த்தவர் இல்லை. அதனால் கதையைக் கதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பாண்டிய நாட்டின் பெயர், பெண் ஆட்சி, முத்து எல்லாம் 2,300 வருடங்களுக்கு முன்பே ஒரு கிரேக்கரின் காதில் விழுந்திருக்கின்றன. மதுரையில் மீனாட்சியின் ஆட்சியைக் கொண்டாடுகிறவர்களுக்கு இந்தக் கதை கேட்கவே இனிக்கும். இரண்டுக்கும் முடிச்சுப் போட ஆசை வரும்தான். கொஞ்சம் நிதானம் தேவை.

சரி, யவனர்கள் போடி மலைக்கு வந்தார்களா?

இதுதான் முக்கியமான கேள்வி. யவனர்கள் போடிமெட்டு ஏறினார்கள் என்று எந்தக் கிரேக்க நூலும் சொல்லவில்லை. ஆனால், இந்த மலையைத் தாண்டாமல் புரிந்துகொள்ளவே முடியாத ஒரு தகவல் இரண்டு பழைய நூல்களில் இருக்கிறது.

முதல் நூல் 'எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு'. 'பெரிப்ளஸ்' என்று சொல்வார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்தில் வாழ்ந்த, பெயர் சொல்லாத ஒரு வணிகர் கிரேக்கத்தில் எழுதியது. இலக்கியம் எல்லாம் இல்லை. எந்தத் துறைமுகத்தில் என்ன விற்கும், என்ன வாங்கலாம், எங்கே பாறை இருக்கிறது என்று சொல்லும் வியாபாரக் கையேடு. அதில் மேற்குக் கரையின் முசிறி சேர நாட்டுத் துறைமுகம் என்றும், அதற்குத் தெற்கே உள்ள நெல்கிண்டா பாண்டியனின் நாட்டைச் சேர்ந்தது என்றும் வருகிறது. நெல்கிண்டா இன்றைய கேரளத்தில், கோட்டயம்-திருவல்லா பக்கத்து ஆற்றங்கரையில் இருந்திருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு.

இரண்டாவது நூல் ரோமானியரான பிளினி லத்தீனில் எழுதிய 'இயற்கை வரலாறு'. கி.பி. 77 வாக்கில் வந்தது. அவரும் அந்தத் துறைமுகத்தைப் பாண்டியனுக்கு உரியது என்கிறார். கூடவே ஒரு விஷயம் சொல்கிறார். பாண்டிய மன்னன் துறைமுகத்தில் இல்லை. அங்கிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி 'மோதுரா' என்ற நகரத்தில் இருக்கிறான். மோதுரா, மதுரை!

மேப்பை எடுத்துப் பாருங்கள். மேற்குக் கரையில் பாண்டியனின் துறைமுகம். கிழக்கே மதுரையில் பாண்டியன். நடுவில் சுவர் மாதிரி நிற்பது ஏலமலை. சரக்கும் ஆளும் செய்தியும் இந்த மலையைக் கடந்துதானே போயிருக்க முடியும்? மலையில் இறங்கி ஏற இயற்கையே விட்டுவைத்த வழிகளை இந்தப் பக்கத்து மக்கள் 'மெட்டு' என்கிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு. இன்னும் தெற்கே கூடலூரிலிருந்து குமுளிக்கு ஏறும் வழி. வைகைக் கரையோரமாக மதுரையிலிருந்து மேற்கே நடந்தால் தேனி, கம்பம் பள்ளத்தாக்கு, அப்புறம் மலை, அதற்கப்புறம் சேர நாடு. கிழக்கே நடந்தால் வைகை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம். அங்கே அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுஜாடித் துண்டுகளும் ரோமானியக் காசுகளும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் இணைத்த இந்த வைகைப் பாதையை தொல்லியல் ஆய்வாளர்கள் பழைய வணிக வழியாகக் கருதுகிறார்கள்.

இந்த வழியில் மனிதர்கள் இருந்தார்கள், எழுதவும் தெரிந்தவர்கள் என்பதற்குத் தேனி மாவட்டமே சாட்சி. 2006-ல் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தது. தமிழ் பிராமி எழுத்து. கி.மு. 3, 2-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று கணிக்கப்பட்டவை. அதில் ஒரு கல், கூடலூரில் நடந்த மாடுபிடிச் சண்டையில் இறந்த ஒருவனுக்காக நட்டது. கம்பத்துக்கு அடுத்து இருக்கும் அதே கூடலூராக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு.

போடிநாயக்கனூரின் பெயரும் நாணய ஆய்வு நூல்களில் இருக்கிறது. இங்கே ஒரு புதையலாகக் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுகள், பின்பக்கம் மீன் போன்ற கோட்டுருவத்தோடு இருப்பதால், பழைய பாண்டியர்கள் வெளியிட்டவை என்று நாணயவியலாளர்கள் சொல்கிறார்கள். மலையடிவாரத்தில் ஒருவர் இவ்வளவு வெள்ளியைப் புதைத்து வைத்திருக்கிறார் என்றால், இந்த வழியில் காசு புரண்டிருக்கிறது.

ஆக, வாட்ஸ்அப் செய்திக்கு பதில் இது: யவனன் மலையேறினான் என்று சொல்லச் சான்று போதாது. மலையின் மேற்கே அவனுடைய கப்பல், கிழக்கே அவனுடைய ஜாடி. நடுவில் சுமை தூக்கியது பெரும்பாலும் இந்த மலைக்காரர்களும் பாண்டிய நாட்டுச் சாத்துக்காரர்களும்தான். சொல்லப்போனால் பெருமை இதில்தான் அதிகம்.

அவர்கள் தேடி வந்தது ஏலக்காயா, மிளகா?

மிளகு! இதில் சந்தேகமே வேண்டாம். பெரிப்ளஸ் முசிறி, நெல்கிண்டா துறைமுகங்களில் வாங்க வேண்டிய சரக்கைப் பட்டியல் போடுகிறது. மிளகுதான் முதல். அப்புறம் முத்து, யானைத் தந்தம், பட்டு, ஆமை ஓடு, ரத்தினக் கற்கள். அந்தப் பட்டியலில் ஏலக்காய் இல்லை. போடிக்காரர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

அப்படியானால் 'கார்டமோமொன்' எங்கிருந்து வந்தது? அரிஸ்டாட்டிலின் சீடர் தியோஃப்ராஸ்டஸ், செடிகளைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் பொருளைக் குறிப்பிடுகிறார். மீடியாவிலிருந்து, அதாவது ஈரான் பக்கத்திலிருந்து வருகிறது என்று சிலரும், இந்தியாவிலிருந்து என்று வேறு சிலரும் சொல்வதாக எழுதுகிறார். வியாபாரி கை மாறி மாறி வந்த சரக்கு. விளைந்த ஊர் வாங்கியவனுக்கே தெரியவில்லை. இடைத்தரகர்கள் மூலமாகக் காய் விற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிரேக்கர் சொன்ன கார்டமோமொன் நம் பச்சை ஏலக்காய்தானா, அதே குடும்பத்து வேறு செடியா என்று இன்றுவரை ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. ரோமானியப் பேரரசு அலெக்ஸாண்ட்ரியாவில் சுங்கம் வசூலித்த பொருட்களின் ஒரு பட்டியல், பின்னால் தொகுத்த சட்ட நூலில் இடம் பெற்றிருக்கிறது. அதில் இஞ்சி, திப்பிலியோடு கார்டமோமமும் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் டயாஸ்கோரிடிஸும் இதை மருந்தாகச் சொல்கிறார்.

அவர்கள் இதைப் பாயசத்தில் போடவில்லை. வாசனைத் தைலம், மருந்து, இவைதான் பெரும் பயன்பாடு. மிளகும் முதலில் கிரேக்கர்களுக்கு மருந்துதான். ஹிப்போக்ரடீஸ் பெயரில் உள்ள மருத்துவ நூல்களில் மிளகு இந்திய மருந்தாக வருகிறது. அடுப்படிக்குள் அது தாராளமாக நுழைந்தது ரோமானியர் காலத்தில்.

விலை? பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஒரு பவுண்டு (அன்றைய ரோமானியப் பவுண்டு சுமார் 327 கிராம்) கறுப்பு மிளகு 4 தெனாரியஸ், வெள்ளை மிளகு 7, திப்பிலி 15. கூலியாள் ஒருவருக்கு ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய 1 தெனாரியஸ் என்று கணக்கிடுகிறார்கள். நாலு நாள் உழைத்தால் முந்நூற்றுச் சொச்சம் கிராம் மிளகு! காரத்தைத் தவிர இதில் என்ன இருக்கிறது, இதற்காக இந்தியா வரைக்கும் போகிறார்களே என்று பிளினி புலம்புகிறார். வருடத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் காசை இந்தியா விழுங்குகிறது என்பது அவருடைய இன்னொரு புலம்பல். கி.பி. 408-ல் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத் தலைவன் அலாரிக், விலகிப்போகக் கேட்ட பொருட்களில் தங்கம், வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது.

எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில், செராபிஸ் கோயில் முற்றத்தில் புதைத்து வைத்திருந்த இந்தியப் பானை ஒன்றை அகழாய்வாளர்கள் எடுத்தார்கள். உள்ளே சுமார் ஏழரை கிலோ மிளகு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே ஊரில் 'கொற்றபூமான்' என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானைத் துண்டும் கிடைத்தது. குசேர் அல் காதிமில் 'பானை உறி' என்று பொருள்படும் எழுத்தோடு ஓர் ஓடு. உறியைக்கூடத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார் அங்கே போன ஒருவர். யவனர் இங்கே வந்ததைப் பற்றியே பேசுகிறார்கள், நம்மாட்கள் அங்கே போய் வாழ்ந்ததைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

அவ்வளவு தூரம் எப்படி வந்தார்கள்?

காற்றைப் பிடித்து. ஜூலை வாக்கில் எகிப்தின் செங்கடல் துறைமுகத்திலிருந்து கிளம்பினால், தென்மேற்குப் பருவக்காற்று கப்பலை மேற்குக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். செங்கடலின் வாசலிலிருந்து முசிறிக்கு 40 நாள் என்கிறார் பிளினி. போடி மலைக்குச் சாரலையும் ஏலச்செடிக்கு ஈரத்தையும் கொண்டுவரும் அதே காற்று. வேலை முடித்து, காற்று திசை மாறும் மார்கழி வாக்கில் ஊர் திரும்புவார்கள். ஸ்ட்ராபோ என்ற கிரேக்க நூலாசிரியர், மயோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து மட்டும் 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதாகக் கேள்விப்பட்டு எழுதினார்.

இவ்வளவுக்கும் முதல் போட்டது யார்? வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் காகிதம் இருக்கிறது. கி.பி. 2-ம் நூற்றாண்டு, கிரேக்க மொழி, 1985-ல் பதிப்பிக்கப்பட்டது. முசிறி வியாபாரத்துக்காக வாங்கிய கடனின் ஒப்பந்தம். சரக்கை செங்கடல் கரையில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றி, பாலைவனம் கடந்து, நைல் நதிப் படகில் அலெக்ஸாண்ட்ரியா கொண்டுபோய், கிடங்கில் முத்திரை வைத்துப் பூட்ட வேண்டும். நாலில் ஒரு பங்கு அரசாங்கத்துக்கு வரி. கடனைக் கட்டாவிட்டால் சரக்கு கடன் கொடுத்தவருக்கு! காகிதத்தின் பின்பக்கம் 'ஹெர்மபோலன்' என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. தந்தமும் ஜடாமாஞ்சியும் அதில் உண்டு. மொழியை மாற்றினால் இன்றைய அடமானப் பத்திரம் மாதிரியே இருக்கிறது.

யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-ம் பாட்டு சொல்கிறது. அந்தக் கப்பல்கள் வந்த சுள்ளியாறு, இன்றைய பெரியாறுதான் என்பது அறிஞர்கள் கருத்து. அந்த ஆற்றின் தண்ணீர்தான் 1895 முதல் முல்லைப்பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்புகிறது. முசிறிக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு, இன்று வைகையில் கலந்து மதுரைக்குப் போகிறது!

கிரேக்கர்கள் நமக்கு எதையாவது விட்டுப் போனார்களா?

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். 'ஓரை' என்று ஒரு கட்டம் இருக்கும். குரு ஓரை நல்லது, சனி ஓரையில் புதுசாக எதுவும் வேண்டாம் என்று பாட்டிகள் சொல்வார்கள். அந்த 'ஓரை', கிரேக்கத்தில் மணி நேரத்தைக் குறிக்கும் 'ஹோரா'. ஆங்கிலத்தின் 'ஹவர்' என்ற சொல்லுக்கும் அதுதான் மூலம். (சங்கப் பாட்டில் பெண்கள் ஆடும் ஓரை என்றொரு விளையாட்டு வரும். அந்தச் சொல் வேறு.)

இதைவிட ஆச்சர்யம், ஓரையின் வரிசை. ஞாயிற்றுக்கிழமை சூரிய உதயத்தில் சூரிய ஓரை. அடுத்தடுத்து சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். மறுபடி சூரியன். இது அலெக்ஸாண்ட்ரியா வானியலாளர்கள் கோள்களை வரிசைப்படுத்திய முறை. வானத்தைச் சுற்றிவர அதிக காலம் எடுக்கும் சனியில் ஆரம்பித்து, வேகமாகச் சுற்றும் சந்திரனில் முடியும். இதே வரிசையில் 24 மணி நேரத்தை எண்ணிக்கொண்டே போங்கள். 25-வது மணி, அதாவது மறுநாள் முதல் மணி, யாருக்கு வருகிறது? சந்திரனுக்கு. அதனால்தான் ஞாயிறுக்கு அடுத்தது திங்கள்! அதற்கு மறுநாள் எண்ணினால் செவ்வாய். கிழமைகளின் வரிசையே இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். எகிப்தின் 24 மணி, பாபிலோனின் கோள் ஜோதிடம், கிரேக்கரின் கணிதம் மூன்றும் கலந்த கலவை கடல் தாண்டி வந்து பஞ்சாங்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஜாதகம் பார்க்கிறவர்கள் சொல்லும் 'கேந்திரம்', கிரேக்க 'கென்ட்ரான்'. 'திரேக்காணம்', கிரேக்க 'டெகனாஸ்'. இந்தியாவின் பெரிய ஜோதிட ஆசிரியர் வராகமிகிரர் 6-ம் நூற்றாண்டிலேயே, யவனர்கள் அந்நியர்களானாலும் இந்தச் சாத்திரத்தில் தேர்ந்தவர்கள், ரிஷிகளைப்போல மதிக்கத்தக்கவர்கள் என்று மனம் திறந்து எழுதியிருக்கிறார்.

சொற்களில் கொடுக்கல் வாங்கல் உண்டு. இஞ்சியின் கிரேக்கப் பெயர் 'ஸிங்கிபெரிஸ்'. அதற்குள் நம் 'இஞ்சி' இருக்கிறது. மிளகின் 'பெபெரி', திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி'யிலிருந்து போனது. நிலத்தடி வழியைச் சொல்லும் 'சுருங்கை', கிரேக்க 'சிரிங்ஸ்' என்ற சொல்லின் வழி வந்ததாக மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். அரிசிதான் கிரேக்க 'ஒரைசா' ஆனது என்று ஒரு பிரபலமான கருத்து நூறு வருடத்துக்கும் மேலாக உலவுகிறது. ஆனால், அந்தச் சொல் பழைய ஈரானிய மொழி வழியாகப் போனது என்று இன்று பலர் சொல்கிறார்கள். மேடையில் பேசுவதற்கு முன் யோசிக்கவும்.

சங்கப் பாடல்களில் பாண்டியன் அருந்தியது யவனர் கொண்டுவந்த மது, அரண்மனையில் எரிந்தது யவனர் செய்த பாவை விளக்கு, பாசறையில் காவல் நின்றது யவன வீரர்கள். புறநானூறு, நெடுநல்வாடை, முல்லைப்பாட்டு மூன்றையும் படித்தால் கிடைக்கும்.

ஏதென்ஸில் எல்லாரும் ஓட்டுப் போட்டார்களா?

இல்லை. கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனிஸ் கொண்டுவந்த மாற்றங்களைத்தான் மக்களாட்சியின் தொடக்கம் என்கிறார்கள். பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் யாருக்கும் சபையில் இடமில்லை. தத்துவ மேதை சாக்ரடீஸுக்கு கி.மு. 399-ல் மரண தண்டனை விதித்ததும் இதே ஏதென்ஸின் குடிமக்கள் நடுவர் மன்றம்தான்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். ஏதென்ஸில் 500 பேர் கொண்ட கவுன்சிலுக்கு ஆள் எடுத்தது சீட்டுக் குலுக்கல் முறையில். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சொல்லும் குடவோலையும் குலுக்கல்தான். அங்கேயும் நிலமும் சொந்த வீடும் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும்தான் பெயர் ஓலையில் ஏறும்.

கிரேக்கர்கள் தக்காளி, மிளகாய் சாப்பிட்டார்களா?

வாய்ப்பே இல்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸுக்குப் பிறகுதான் கடல் தாண்டின. ஆலிவ் எண்ணெய், பார்லி, அத்திப்பழம், பாலாடைக்கட்டி, மீன், தண்ணீர் கலந்த திராட்சை மது. இதுதான் சாப்பாடு. பாண்டிய நாட்டிலும் அப்போது காரம் என்றால் மிளகு.

தோட்டம் தோண்டும்போது பழைய காசு கிடைத்தால் என்ன செய்வது?

கடைசியாக வைத்தாலும் அவசரமான கேள்வி இது. ஏலத்தோட்டத்துக்குக் கிடங்கு வெட்டும்போதும், அடிவாரத்தில் கிணறு தோண்டும்போதும், வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போதும் தாழி உடைவதும் காசு கிடைப்பதும் தமிழ்நாட்டில் நடப்பதுதான். பலரும் பயந்துபோய் மூடிவிடுகிறார்கள், அல்லது நகைக்கடைக்கு எடுத்துப் போகிறார்கள். உருக்கினால் வெள்ளி மிஞ்சும். எந்த ஊர், எந்த ஆழம், கூட என்ன இருந்தது என்பதெல்லாம் போய்விடும். போடிமெட்டுக்கு யவனன் வந்தானா என்ற கேள்விக்கு பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தக் காசாகக்கூட இருக்கலாம்.

சட்டம் பயப்படும் அளவுக்கு இல்லை. 1878-ம் வருட இந்தியப் புதையல் சட்டம்தான் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் அங்கிருந்து மேலே போய்ச் சேர வழி காட்டுவார்கள். விசாரணைக்குப் பிறகு உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசாங்கமே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் அந்தப் பங்கும் போய், ஒரு வருடம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ.

முதுமக்கள் தாழி, கல்வெட்டு, நடுகல் என்றால் இடத்தைவிட்டு நகர்த்தாமல், கழுவாமல், போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மாநிலத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொன்னால் போதும்.

1898-ல் புதுக்கோட்டை கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே பானையில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு. காசாக இனிமேல் செல்லாது, தங்கமாக மட்டும் எடைபோடலாம் என்று அந்தக் காலத்து யாரோ போட்ட கோடு அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். 501 காசும் உருகாமல் தப்பியதால்தான் இன்றைக்கு அந்த வெட்டைப் பற்றிப் பேச முடிகிறது.